சோளிங்கர் போய்வந்த மூன்றாம் நாள் தொடை வலி: ஏன் வருகிறது, என்ன செய்யலாம்

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 46. வேலூர் கோட்டைப் பக்கம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள், வருடக்கணக்காக. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சோளிங்கர் போய், பெரிய மலை, சின்ன மலை இரண்டையும் படியேறியே சேவித்துவிட்டு வந்தீர்கள். அன்று ராத்திரி வரை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. படுத்திருந்தால் வலி இல்லை, உட்காரப் போனால் உயிர் போகிறது. மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறீர்கள். நடைப்பயிற்சிக்கே வராத உங்கள் மனைவி வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடம் நடந்தது வீணா, வயதாகிவிட்டதா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, தை மாதம் அம்மாவை அழைத்துப் போகும்போது ஏறுவதற்கு மட்டும் ரோப் கார், இறங்குவது நடந்தே என்று வைத்துக்கொள்ளலாமா? இவைதான் கேள்விகள்.

நான் பிசியோதெரபிஸ்ட். காட்பாடி பக்கம் வேலை. கார்த்திகை மாதம் யோக நரசிம்மர் கண் திறக்கிறார் என்ற நம்பிக்கையில் ஜனம் சோளிங்கருக்குத் திரளும்போது, அடுத்த இரண்டு மூன்று நாளில் இதே வலியோடு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “அவ்வளவு படி ஏறினேன் இல்லையா, அதனால்தான்.” அதைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் தொடையைப் பிடித்தது ஏறிய படிகள் அல்ல சார். இறங்கிய படிகள்.

பெரிய மலைக்கு 1305 படி, சின்ன மலைக்கு 406 படி. மொத்தம் 1711. ஏறும்போது மூச்சு வாங்கும், வியர்க்கும், நடுவில் உட்கார்ந்து எழுந்துதான் போவோம். உடம்பு தானாகவே நம்மை நிறுத்தி நிறுத்தி அனுப்பும். இறங்கும்போது அப்படி எதுவும் இல்லை. பேசிக்கொண்டே இறங்கலாம். குரங்கு பையைப் பிடுங்க வருகிறது என்று குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக்கூட இறங்குவார்கள். நெஞ்சு படபடக்காது, மூச்சு இரைக்காது. ஆனால் ஒவ்வொரு படியிலும் மேல்படியில் இருக்கிற கால் மடங்கிக்கொண்டே உங்கள் முழு எடையையும் மெதுவாகக் கீழே இறக்கிவைக்கிறது. அந்த வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கத் தசை. இரண்டு மலையையும் சேர்த்தால் ஒரு காலுக்கு 850 தடவைக்கு மேல். இடையில் ஓய்வு கிடையாது.

தசை வேலை செய்வதில் இரண்டு விதம் இருக்கிறது. வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது புஜத்தின் முன்பக்கத் தசை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. அதே கேனை டொம்மென்று போடாமல் மெதுவாகக் கீழே வைக்கும்போதும் அதே தசைதான் வேலை செய்கிறது, ஆனால் இப்போது அது நீண்டுகொண்டே தாங்குகிறது. இந்த இரண்டாவது விதத்தை எக்சென்ட்ரிக் வேலை என்பார்கள். தசை இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்குகிற இந்த நிலையில், அதே எடைக்கு உடம்பு குறைவான தசை இழைகளைத்தான் வேலைக்கு அழைக்கிறது. செலவு மிச்சம்தான். ஆனால் அழைக்கப்பட்ட ஒவ்வொரு இழையின் மேலும் விழுகிற பாரம் அதிகம். பழக்கமில்லாத தசையில் சில இழைகள் அதைத் தாங்காமல் உள்ளுக்குள் சிதைந்துபோகின்றன.

செலவு மிச்சம் என்று சொன்னேனே, அதை 1952-லேயே அழகாகக் காட்டிவிட்டார்கள். இங்கிலாந்தில் அபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூன்று பேர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் தன் பெடல் பின்னோக்கிச் சுற்றுவதைத் தடுத்து நிறுத்தப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விசைதான். ஆனால் மிதித்தவருக்குச் செலவான ஆக்சிஜன், தடுத்தவருக்கு ஆனதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். படி இறங்கும்போது நீங்கள் தடுக்கிறவர். அதனால்தான் மூச்சும் இதயமும் உங்களை எச்சரிக்கவே இல்லை. எச்சரிக்கை வருவது ஒரே ஒரு இடத்தில்தான்: கடைசிப் படிகளில் முழங்கால் லேசாக நடுங்கும், கீழே வந்து நின்றதும் தொடை தந்தி அடிக்கும். அன்று உங்களுக்கும் அப்படி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வலி வருவதற்கு முன்பே தசையின் பலம் குறைந்துவிடுகிறது, அந்த நடுக்கம் அதன் அடையாளம்.

ஏறிய காலா, இறங்கிய காலா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால் இதையும் கேளுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லிங் அஸ்முசன் 1956-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரு காலால் மட்டும் மேலே ஏறச் சொல்லி, மறு காலால் மட்டும் இறங்கச் சொன்னார். ஏறிய கால் நன்றாகக் களைத்தது. ஆனால் பிறகு வலித்தது இறங்கிய கால்.

“லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, அதுதான் வலி” என்று ஜிம்மில் சொல்வார்கள். படித்தவர்களே சொல்வார்கள். இது சரியில்லை. லாக்டிக் ஆசிட் கடும் உழைப்பின்போது ரத்தத்தில் ஏறுவது உண்மை, ஆனால் ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்திற்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏறியது செவ்வாய்க்கிழமைவரை தொடையில் உட்கார்ந்திருக்காது. 1983-ல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டிக் ஆசிட் ஏறியது, மறுநாள் வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அது ஏறவே இல்லை, வலி மட்டும் வந்தது.

அப்படியானால் என்னதான் நடக்கிறது? தசை இழைக்குள் சார்கோமியர் என்ற மிகச் சிறிய கண்ணிகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் சேரும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடு, அதை இசட் கோடு என்பார்கள். மாடிப்படியைத் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் கெண்டைக்கால் தசையில் துளி எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், 1980-களின் தொடக்கத்தில். நேராக இருக்க வேண்டிய அந்தக் கோடுகள் அங்கங்கே கலைந்து கிடந்தன. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் இந்த வலி களைப்பினால் வருவதல்ல, தசைக்குள் ஏற்படும் சிறு சிதைவினால் வருவது என்று சொல்லியிருந்தார். அவர் காலத்தில் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

சிதைந்த இடத்தை உடம்பு சரிசெய்ய ஆரம்பிக்கிறது. அந்த மராமத்து உடனே தொடங்குவதில்லை, மணிக்கணக்கில் மெதுவாகச் சூடுபிடிக்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன, லேசாக நீர் கோக்கிறது, அங்கே உருவாகும் ரசாயனங்கள் நரம்பு முனைகளைக் கூச்சப்பட வைக்கின்றன. சாதாரணமாகத் தொட்டால் தெரியாத இடம் இப்போது தொட்டால் துள்ள வைக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் வலி இல்லை, தசை நீளும்போதும் அழுத்தும்போதும் மட்டும் வலி என்று நீங்கள் எழுதியது இந்த வகையை அப்படியே காட்டுகிறது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் போய்விடும். உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் உச்சம் என்றால் வெள்ளி, சனிக்குள் பாதிக்குமேல் குறைந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் மனைவிக்கு மட்டும் ஏன் இல்லை? எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. வீட்டில் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்வருவது யார் என்று பாருங்கள். காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டு, எழுந்து, நகர்ந்து, மறுபடி குந்துவது யார்? அரிவாள்மணை முன்னாலோ பாய் விரித்தோ தரையில் உட்கார்ந்து எழுவது யார்? ஒவ்வொரு தடவை குந்தும்போதும், படி இறங்கும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. அவர் தினமும் சின்னச் சின்ன அளவில் சோளிங்கர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார், யாரும் அதை உடற்பயிற்சி என்று எண்ணுவதில்லை. நீங்கள் நடப்பதோ சமதளம். நாற்காலி, கார், கட்டில், ஆபீஸ் லிஃப்ட் என்று உங்கள் தொடை முழுப் பாரத்தோடு மடங்க வேண்டிய சந்தர்ப்பமே குறைவு. ஆளுக்கு ஆள் உடல்வாகும் வித்தியாசப்படும், ஒரே வேலைக்கு ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் வலிக்கும். ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பழக்கம்தான் முதல் காரணமாகப் படுகிறது.

அதனால் நடந்தது வீணா என்று கவலைப்படாதீர்கள். அவ்வளவு படியையும் நெஞ்சு வலி, தலைசுற்றல் எதுவும் இல்லாமல் ஏறினீர்களே, அதை உங்களுக்குக் கொடுத்தது அந்தத் தினசரி நடைதான். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைத்த பழக்கம் தொடையின் இந்தக் குறிப்பிட்ட வேலைக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே. வயதும் காரணமில்லை. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற இருபது வயசுப் பையன்கள்கூட முதல் நாள் மலைச்சரிவில் ஓடிவிட்டு மூன்றாம் நாள் இதே மாதிரி காலை அகட்டி அகட்டி நடந்து வருவார்கள்.

இப்போது என்ன செய்வது? நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பாதி நேரம் நடங்கள். முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், பிறகு இளகும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும். அது பரவாயில்லை. நடப்பதால் காயம் அதிகமாகாது. வெந்நீர்க் குளியல் இதமாக இருக்கும். லேசாக, மேலாக நீவிவிட்டால் ஓரளவு சுகம் தெரியும். ஆனால் தைலம் போட்டு முட்டியால் அழுத்தி உருவிவிடுகிறேன், சுளுக்கு எடுத்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிதைந்த இழையை இன்னும் கசக்கி என்ன லாபம்? தைலம் தடவிய இடத்தில் உடனே சூடான ஒத்தடமும் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் கால் வைக்கும் முன் வீட்டில் வேறு யாரையாவது கைவைத்துச் சூடு பார்க்கச் சொல்ல வேண்டும். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

தசையை இழுத்து நீட்டுகிற பயிற்சிகளைப் பற்றியும் கேட்பார்கள். முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் இந்த வலியை அது சொல்லிக்கொள்ளும்படி குறைப்பதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்துவிட்டது. செய்ய இதமாக இருந்தால் மெதுவாகச் செய்யுங்கள், வலிக்க வலிக்க இழுக்க வேண்டாம்.

ஊசி தேவையே இல்லை. வலி ஊசியோ மாத்திரையோ தசையைச் சீக்கிரம் ஆற்றிவிடாது, சில மணி நேரம் வலியை மறைக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகளை நம் ஊரில் மெடிக்கலில் பெயர் சொல்லியே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, தசைச் சிதைவும் இருக்கும்போது, அவை சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யலாம். ரத்த அழுத்தம், அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ராத்திரி தூக்கமே வரவில்லை என்றால் பாராசிட்டமால் போதும், கல்லீரல் கோளாறு இல்லாத பட்சத்தில். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதம் இருக்கிற சாப்பாடு வழக்கம்போல நடக்கட்டும், தனியாகப் பவுடர் வாங்க வேண்டாம். இந்த வாரம் தொடையில் பலம் குறைவாகத்தான் இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். பைக்கை நிறுத்திக் காலை ஊன்றும்போதும், பாத்ரூமில் உட்கார்ந்து எழும்போதும் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்த வாரம் மாஸ்டர் செக்கப் எதுவும் வைத்திருந்தால் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். தசை சிதையும்போது அதற்குள் இருக்கும் சி.கே. என்ற நொதி ரத்தத்தில் பல மடங்கு ஏறும். அதோடு கல்லீரல் டெஸ்டில் பார்க்கிற எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும்கூட ஏறலாம், ஏனென்றால் அவை கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. மலை இறங்கியதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால், கல்லீரலில் ஏதோ கோளாறு என்று ஸ்கேன், மறு டெஸ்ட் என்று அலைய வேண்டிவரும். தள்ளிப்போட முடியாவிட்டால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னது சாதாரண வலிக்கு. கீழே சொல்பவை வேறு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால், அளவு குறைந்தால், தொடை வீங்கி விறைத்துக் காலை மடக்கவே முடியாமல் போனால், கூடவே வாந்தியோ அசதியோ இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அரிதுதான், ஆனால் பழக்கமில்லாமல் நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கும், ஜிம்மில் முதல் நாளே அளவு தெரியாமல் செய்தவர்களுக்கும் வந்திருக்கிறது. வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். கொழுப்புக்காக ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், வலி தசையில் இல்லாமல் முட்டி மூட்டுக்குள்ளேயே இருந்தாலும், ஒரு வாரம் தாண்டியும் குறையாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

அடுத்த தடவை இது வராமல் இருக்க வழி இருக்கிறது, செலவில்லாத வழி. ஒரு தடவை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அதே வேலையை அடுத்த தடவை செய்யும்போது மிகக் குறைவாகவே வலிக்கும். இந்தப் பாதுகாப்பு பல வாரம் நிற்கும், சில சமயம் மாதக்கணக்கில்கூட. இதற்கு முதலில் முழு அளவு அடிபட வேண்டும் என்பதும் இல்லை, சிறிய அளவில் பழக்கினாலே போதும். மலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வாரம் இரண்டு நாள் நாலைந்து மாடி படியை நிதானமாக இறங்குங்கள். ஏற வேண்டுமென்றுகூட இல்லை, லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கலாம். வீட்டில் நாற்காலியில் பொத்தென்று உட்காராமல் மனதுக்குள் ஐந்து எண்ணி மெதுவாக உட்கார்ந்து பழகுங்கள். புதிதாகப் போகிறவர்கள் முதலில் ஆஞ்சநேயர் இருக்கிற 406 படிச் சின்ன மலையை மட்டும் சேவித்துவிட்டு வந்து, சில வாரம் கழித்துப் பெரிய மலைக்குப் போனால் மிக நல்லது. இறங்கும்போது ஓடாதீர்கள். நடுநடுவே மண்டபத்தில் உட்காருங்கள், களைப்பே தெரியாவிட்டாலும்.

இறங்குவது கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தைவானில் உடல் பருமனுள்ள முதிய பெண்களை லிஃப்டில் மேலே அனுப்பிப் படியில் மட்டும் இறங்க வைத்தார்கள். மிகக் குறைவாகத் தொடங்கி, பன்னிரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். படியேறிய பெண்களைவிட இவர்களுக்குத்தான் கால் பலம் அதிகம் கூடியது. 2017-ல் வெளிவந்த ஆய்வு அது.

இதை வைத்தே உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2024-ல் ரோப் கார் வந்த பிறகு பெரியவர்கள் பலர் பெரிய மலைக்குச் சுலபமாகப் போய்வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்து, ஏற ரோப் காரும் இறங்க நடையுமாகத் திட்டம் போடுகிறவர்கள் நிறைய. இறங்கி முடித்தபோது அவர்களும் நன்றாகத்தான் இருப்பார்கள், மூன்றாம் நாள் தெரியும். ஒரு வழிதான் நடக்க வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிற, இதயமும் முட்டியும் நன்றாக இருக்கிற ஒருவர் என்னிடம் கேட்டால், நிதானமாக நடந்து ஏறி, ரோப் காரில் இறங்குங்கள் என்பேன். உங்கள் அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இரண்டு வழியும் ரோப் கார்தான். சின்ன மலைக்குக் கீழிருந்தே ஆஞ்சநேயரைக் கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது பட்ட வலியின் பலன் தையில் உங்கள் தொடையில் இருக்கும், அதனால் நீங்கள் வேண்டுமானால் நடந்து போங்கள். ஆனால் இறங்கும்போது அம்மாவோடு கூடவே வந்துவிடுங்கள், அவரைத் தனியாக ரோப் காரில் அனுப்ப வேண்டாம்.